கண்ணுக்குள் நட்ட செல் பச்சை பிடிக்குமா? விழித்திரை செல் மாற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழித்திரைச் செல்களை வளர்த்துப் பராமரிக்கும் ஆய்வகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். என் தாய்மாமாவுக்கு மாலைக்கண்ணில் ஆரம்பித்து, இப்போது குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் "புதுசா செல் வைக்கிறாங்களாமே, உள்ள போய் அது பிழைக்குமாடா?" என்று கேட்பார். அதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலரும் கேட்டுவிட்டார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். செல்லை உருவாக்குவது பற்றிச் செய்திகளில் நிறைய வருகிறது. உருவாக்கிய செல்லைத் தட்டிலிருந்து எடுத்து, ஊர் தாண்டி அனுப்பி, கண்ணுக்குள் இறக்கி, அங்கே அது வேர் பிடிக்கும் வரை உயிரோடு வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது அவ்வளவாக வெளியே வருவதில்லை. இங்கே அதைப் பற்றித்தான் அதிகம்.

விழித்திரை செல் என்றால் எந்த செல்?

முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, வெளிச்சத்தை உணரும் செல்கள்: மங்கலான வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள், நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் கூம்பு செல்கள். இன்னொன்று, அவற்றுக்கு அடியில் ஒரே அடுக்காகப் பரவியிருக்கும் நிறமிச் செல்கள், மருத்துவர்கள் ஆர்.பி.இ. என்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தேன்கூடு மாதிரி அறுகோணமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பழுப்பும் கருப்புமாக இருக்கும். ஒளி உணரும் செல்கள் தங்கள் நுனியில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தினமும் உதிர்க்கின்றன, அதைத் தின்று சுத்தம் செய்வது இந்த நிறமிச் செல்கள்தான். இவை போனால் மேலே இருக்கும் செல்களும் பட்டினியில் போய்விடும். வயதானவர்களுக்கு வரும் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நிறமிச் செல்கள் ஒரே அடுக்கு, நரம்பு இணைப்பு தேவையில்லை, கருப்பாக இருப்பதால் கண்ணுக்குள் வைத்த பிறகும் அடையாளம் தெரியும். அதனால் மாற்று ஆய்வுகளில் இவைதான் முதலில் போயின.

கண் தானத்தில் கருவிழியை எடுக்கிறார்களே, அதே போல விழித்திரையை எடுத்து வைக்க முடியாதா?

இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, ஆக்சிஜன் தேவை குறைவு. இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் போதும், நல்ல திரவத்தில் போட்டுக் குளிர்பதனத்தில் சில நாட்கள், சில திரவங்களில் இரண்டு வாரம் வரை கூட வைக்கலாம். விழித்திரை அப்படியே நேர் எதிர். உடலிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் எரிக்கும் திசுக்களில் அது ஒன்று, ரத்தம் நின்ற நிமிடத்திலிருந்தே அதன் கெடு ஆரம்பித்துவிடும்.

2022-ல் அமெரிக்காவில் யூட்டாவிலும் ஸ்கிரிப்ஸிலும் இருக்கும் ஆய்வாளர்கள் ஒன்று செய்து காட்டினார்கள். உறுப்பு தானம் செய்தவர்களின் கண்களை எடுத்து, ஆக்சிஜன் கொடுத்து, இறந்து 5 மணி நேரம் வரை மாகுலாவில் உள்ள ஒளி உணரும் செல்களை வெளிச்சத்துக்குப் பதில் சொல்ல வைத்தார்கள். ஆனால் அந்தச் செல்கள் அடுத்த அடுக்கு செல்களோடு பேச வேண்டும் என்றால், கண்ணை 20 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டியிருந்தது. செல் உயிரோடு இருப்பது வேறு, வேலை செய்வது வேறு என்பது அங்கேயே தெரிகிறது. அப்புறம், முழு விழித்திரையை எடுத்து வைத்தாலும் பார்வை நரம்பை மூளை வரை திரும்ப இணைக்க வழி இல்லை. கண் தானத்தில் இன்று கருவிழிக்குத்தான் மாற்று நடக்கிறது, அதற்கே தேவை ஏராளம், அதனால் தானத்துக்கு எழுதிக் கொடுப்பதை இதற்காக யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

அப்படியானால் மாற்றுக்கான செல்கள் எங்கிருந்து வருகின்றன?

ஸ்டெம் செல்லிலிருந்து, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக் கூடிய செல்லிலிருந்து. கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல், அல்லது தோல், ரத்தம் போன்ற சாதாரண செல்லை மாற்றி எடுக்கும் ஐ.பி.எஸ். செல். இரண்டாவதைக் கண்டுபிடித்த ஷின்யா யாமனாகாவுக்கு 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டெம் செல்லை நிறமிச் செல்லாக வளர்க்க மாதக்கணக்கில் ஆகும். அத்தனை மாதமும் ஊடகத்தை (செல் வளரும் ஊட்டத் திரவத்தை) மாற்றி மாற்றி, ஞாயிற்றுக்கிழமை கூட ஒருவர் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

தட்டில் நன்றாக இருந்த செல், வெளியே எடுத்தால் ஏன் சாகிறது?

நடவு பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். நாற்றங்காலில் பச்சைப்பசேலென்று நின்ற நாற்றைப் பிடுங்கி, முடிச்சுக் கட்டி, வேறு வயலில் நட்டால் முதல் சில நாள் வாடி மஞ்சளாக நிற்கும். அப்புறம்தான் பச்சை பிடிக்கும், சில பிடிக்காமலே போகும். நிறமிச் செல்லுக்கும் அதே கதைதான், இன்னும் மோசமாக. இந்த செல் அடியில் இருக்கும் சவ்வையும் பக்கத்து செல்களையும் பிடித்துக்கொண்டுதான் வாழும். பிடியை நொதி போட்டுக் கரைத்துத் தனித்தனியாக்கினால், "நான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை" என்று செல்லுக்குள் ஒரு சமிக்ஞை கிளம்பி, அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். உடம்புக்கு அது நல்ல ஏற்பாடு, இடம் மாறித் திரியும் செல் ஆபத்து என்பதால் வந்த பாதுகாப்பு. மாற்று செய்பவருக்கு அதுவே தலைவலி.

இதைத் தள்ளிப்போட ராக் தடுப்பான் என்று ஒரு மருந்து சேர்ப்பதுண்டு. மனித ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுக்கும்போது அது சாவைக் குறைக்கிறது என்று 2007-ல் ஜப்பானில் சசாய் குழு காட்டியது. நிறமிச் செல்லுக்கும் அது உதவுகிறது. ஆனாலும் அது கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான், செல்லுக்குக் கடைசியில் தேவை ஒட்டிக்கொள்ள ஒரு தரை.

உறைய வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பாதி தீரும். செல்லைப் பாதுகாப்புத் திரவத்தில், வழக்கமாக டி.எம்.எஸ்.ஓ. கலந்ததில் போட்டு, நிமிடத்துக்குச் சுமார் 1 டிகிரி வீதம் மெதுவாகக் குளிர்வித்து, பிறகு திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். வேகமாகக் குளிர்ந்தால் செல்லுக்குள் பனிப்படிகம் உருவாகிக் கிழித்துவிடும். ரொம்ப மெதுவாகப் போனால் நீரெல்லாம் வெளியேறிச் செல் வற்றிவிடும். வெளியே எடுக்கும்போது தலைகீழ், வேகமாக உருக்க வேண்டும். 37 டிகிரி தண்ணீரில் குப்பியைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே இருப்போம், உள்ளே கடுகு அளவு பனி மிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். முழுக்க உருகட்டும் என்று நின்றால் டி.எம்.எஸ்.ஓ. செல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடும்.

இன்னொரு சிக்கல். முழுதாக முதிர்ந்து, கருத்து, தேன்கூடாக அமைந்த செல்கள் உறைபனியைத் தாங்குவது கடினம். இன்னும் நிறம் ஏறாத இளம் செல்கள் நன்றாக மீண்டு வருகின்றன. அதனால் எந்த வயதில் உறைய வைப்பது என்பதே ஒரு முடிவு: முற்றியதை வைத்தால் உறைவித்து எடுக்கும்போது இழப்பு, இளசை வைத்தால் கண்ணுக்குள் போன பிறகுதான் அது முதிர வேண்டும்.

ஓப்ரீஜன் என்ற நிறமிச் செல் தயாரிப்பில் இது நடைமுறையில் என்ன வித்தியாசம் செய்தது என்று பார்க்கலாம். முதலில் செல்களை முன்கூட்டியே ஒரு தனி ஆய்வகத்தில் உருக்கித் தயார் செய்து அறுவை அரங்குக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு உருக்கியவுடன் நேராக ஊசியில் ஏற்றும்படி திரவத்தையே மாற்றி அமைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய ஆய்வகம் பக்கத்தில் இல்லாத மருத்துவமனையும் இதைச் செய்யலாம் என்ற நிலை வந்தது.

உறைய வைக்காமல் ஐஸ் பெட்டியில் அனுப்பினால்?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பால் என்றால் ஃபிரிட்ஜ், செல் என்றால் ஐஸ் என்று நமக்கு ஒரு பழக்கம். 2019-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஐ.பி.எஸ். செல்லிலிருந்து வளர்த்த நிறமிச் செல்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். உடல் சூடான 37 டிகிரியில் செல்கள் வேகமாக ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மூச்சுத் திணறிச் செத்தன. 4 டிகிரியில், செல்லுக்குள் கம்பி போல நின்று உருவத்தைத் தாங்கும் நுண்குழாய்கள் பலவீனமாகி, சூட்டுக்குத் திரும்பும்போது செல் தன்னையே முடித்துக்கொண்டது. நன்றாகத் தாங்கியது 16 டிகிரியில். நார்வேயில் ஆஸ்லோ ஆய்வாளர்கள் தட்டில் ஒட்டி வளர்ந்த நிறமிச் செல்களைச் சேமித்துப் பார்த்தபோதும் அதே 16 டிகிரிதான் நல்லதாக வந்தது.

16 டிகிரி என்பது ஃபிரிட்ஜும் இல்லை, அறையும் இல்லை. சென்னையில் மே மாதம் ஒரு பெட்டியை வழி நெடுக 16-ல் நிறுத்துவது ஐஸ் போட்டு அனுப்புவதை விடக் கஷ்டம், அதற்கென்றே தனிப் பெட்டி, உள்ளே வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி எல்லாம் வேண்டும். வெயில் காலத்தில் விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன ஆகும் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

"95 சதவீதம் உயிருடன்" என்று போடுகிறார்களே, அதை நம்பலாமா?

எப்போது எண்ணினார்கள் என்று கேளுங்கள். வழக்கமான முறையில், டிரிப்பான் புளூ என்ற நீலச் சாயத்தைக் கலந்து கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவோம். செத்த செல்லின் உறை ஓட்டை என்பதால் சாயம் உள்ளே போய் நீலமாகத் தெரியும். உயிருள்ளது சாயத்தை வெளியே நிறுத்தி, விளிம்பு பளிச்சென்று இருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு செல் சிகிச்சைகளுக்குப் பொதுவாக எதிர்பார்ப்பது குறைந்தது 70 சதவீதம்.

ஆனால் அந்தச் சாயம் சொல்வது அந்த நொடியில் உறை கிழிந்திருக்கிறதா என்பதை மட்டும். தன்னை அழித்துக்கொள்ள முடிவெடுத்துவிட்ட செல்லுக்கும் இன்னும் பல மணி நேரம் உறை கிழியாமல் இருக்கும். ஒரு முறை நான் உருக்கிய குப்பியில் எண்ணிக்கை அருமையாக வந்தது, நோட்டில் எழுதி, சந்தோஷமாகத் தட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் பாதிக்கு மேல் ஒட்டாமல், சுருங்கி உருண்டையாக, ஊடகத்தில் மிதந்துகொண்டிருந்தன. தட்டை லேசாகச் சாய்த்தால் தூசி மாதிரி எல்லாம் ஒரு பக்கம் ஓடியது. அன்றிலிருந்து உருக்கிய உடனே எடுத்த எண்ணை நான் பாதிதான் நம்புவேன். 24 மணி நேரம் கழித்து எத்தனை ஒட்டியிருக்கிறது, சில வாரத்தில் அறுகோணமாக அடுக்கி நிறம் ஏறுகிறதா, நிறமிச் செல் சுரக்க வேண்டிய புரதங்களைச் சுரக்கிறதா, இதெல்லாம் சேர்ந்தால்தான் அந்தச் செல் உயிரோடு இருக்கிறது என்பேன்.

ஊசி வழியாகப் போகும்போதே நசுங்கிவிடாதா?

சில நசுங்கும். விழித்திரைக்கு அடியில் செலுத்தும் குழாய் 38 முதல் 41 கேஜ், அதாவது ஏறக்குறைய தலைமுடி தடிமன். வேகமாகத் தள்ளினால் சுவரோரம் உரசும் செல்கள் சிதையும், அடர்த்தி அதிகமானால் கட்டியாகி அடைத்துக்கொள்ளும், ஊசியில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தால் செல்கள் அடியில் படிந்து, முதலில் வெறும் திரவமும் கடைசியில் கொத்தும் போகும். அப்புறம் பின்னொழுக்கு. விழித்திரையில் போட்ட துளை வழியாகக் கொஞ்சம் செல் திரும்பி வெளியே கண்ணின் ஜெல்லிப் பகுதிக்கு வந்துவிடும். அங்கே அது பிழைத்தால் இன்னும் ஆபத்து, விழித்திரை மேல் சவ்வாகப் படர்ந்து இழுக்கும். பிழைப்பது எப்போதும் நல்லது என்று நினைக்கக் கூடாது, சரியான இடத்தில் பிழைக்க வேண்டும்.

திரவமாகச் செலுத்துவது நல்லதா, தாளாக வைப்பதா?

என் மனசு தாள் பக்கம். தாளில் செல்கள் ஏற்கெனவே அடுக்காக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மேல் கீழ் தெரிந்து உட்கார்ந்திருக்கும். பிடுங்கும் அதிர்ச்சி இல்லை, மண்ணோடு பெயர்த்து நடுவது மாதிரி. இன்னொரு காரணமும் இருக்கிறது. செல் ஒட்ட வேண்டிய புரூக் சவ்வு என்ற தரை, வயதாக ஆகத் தடித்து, கொழுப்புப் படிந்து, ஒட்டத் தகுதியில்லாததாக ஆகிவிடுகிறது. நோயாளிகள் எல்லோரும் வயதானவர்கள் என்பதால் கெட்ட வயலில் நல்ல நாற்று விட்ட கதைதான். தாள் தன் தரையையும் கூடவே கொண்டு போகிறது.

லண்டனில் பீட் காஃபி, லிண்டன் டா குரூஸ் குழு 6க்கு 3 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் சவ்வில் செல்களை வளர்த்து வைத்தது. கலிபோர்னியாவில் பேரிலீன் சவ்வு. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் கபில் பார்த்தி குழு, பின்னால் தானாகக் கரைந்துவிடும் தாங்கியில் நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து வந்த செல்களை வளர்த்தது, 2022-ல் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். ஆனால் தாளுக்கு வெட்டு பெரிது, அறுவை கடினம், உறைய வைத்து அனுப்புவதும் சிரமம். திரவம் என்றால் குப்பியில் போய்விடும். நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுக்குப் போக வேண்டும் என்றால் திரவம்தான் நடக்கும் என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

உள்ளே போன செல் உயிரோடு இருப்பது எப்படித் தெரியும்?

நிறமிச் செல் என்றால் கண்ணின் உட்புறப் படத்திலேயே கருப்புத் திட்டு தெரியும், விழித்திரையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் அடுக்காகத் தெரியும். 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 18 நோயாளிகளுக்கு 50,000 முதல் 1,50,000 செல்கள் செலுத்தியதில், 13 பேருக்கு நிறத் திட்டுகள் கூடியிருந்தன. ஆனால் கருப்பாகத் தெரிவதெல்லாம் உயிருள்ள செல் என்று அடித்துச் சொல்ல முடியாது, செத்த செல்லின் நிறமியைத் தின்ற வேறு செல்லும் கருப்பாகத்தான் இருக்கும்.

எதிர்ப்புச் சக்தி தாக்குதலும் உண்டு. விழித்திரைக்கு அடிப்பகுதி கொஞ்சம் பாதுகாப்பான இடம்தான், ஆனால் நோயில் அந்த வேலி ஏற்கெனவே ஓட்டையாகியிருக்கும். அதனால் வேறொருவர் செல் என்றால் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, அல்லது திசு வகை பொருத்திய செல். ஜப்பானின் கோபேயில் 2017-ல் அப்படிப் பொருத்திய ஐ.பி.எஸ். செல்களை 5 பேருக்கு வைத்தார்கள், ஒரு வருடம் கழித்தும் ஒட்டு நின்றது.

உயிரோடு இருந்தால் பார்வை வந்துவிடுமா?

இல்லை. 2014 செப்டம்பரில் கோபேயில் மசாயோ தகஹாஷி குழு, எழுபதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய சொந்தத் தோலிலிருந்து வந்த நிறமிச் செல் தாளை வைத்தது. 1.3க்கு 3 மில்லிமீட்டர். உலகில் ஐ.பி.எஸ். செல் மனிதருக்குள் போனது அதுதான் முதல் முறை. ஒரு வருடம் கழித்தும் தாள் அப்படியே இருந்தது. பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை. லண்டனில் இருவருக்கு வேறு மாதிரி: ஒரு வருடத்தில் பார்வைப் பலகையில் ஒருவர் 29 எழுத்தும் இன்னொருவர் 21 எழுத்தும் கூடுதலாகப் படித்தார்கள். அவர்களுக்குப் பார்வை போய் அதிக நாள் ஆகவில்லை, மேலே ஒளி உணரும் செல்கள் இன்னும் மிச்சம் இருந்தன. நிறமிச் செல் சமையல்காரர் மாதிரி, சாப்பிட ஆள் இருந்தால்தான் பலன்.

மாமாவுக்கு இருப்பது போன்ற ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவுக்கு?

அங்கே போனது ஒளி உணரும் செல்களே, அதனால் அவற்றையே நட வேண்டும், அது இன்னும் ஒரு படி கடினம். 2006-ல் லண்டனில் எலிகளில், பிறந்து சில நாளான குட்டியின் முதிராத குச்சி செல்கள் ஒட்டிப் பிழைக்கின்றன என்று காட்டியபோது பெரிய நம்பிக்கை வந்தது. நட்ட செல் அடையாளம் தெரிய, அதில் பச்சையாக ஒளிரும் புரதம் இருக்கும்படி செய்திருந்தார்கள். 2016-ல் ஒரு அதிர்ச்சி: ஒட்டிவிட்டதாக எண்ணிய பச்சை நிறச் செல்களில் பெரும்பகுதி நட்ட செல்களே இல்லை, நட்ட செல்லிலிருந்து பச்சைப் புரதத்தைக் கடன் வாங்கிய பழைய செல்கள் என்று பல குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. பத்து வருட எண்ணிக்கையைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. தங்கள் பழைய முடிவைத் தாங்களே திருத்தி வெளியிட்டவர்களும் அதில் இருந்தார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. 2020-ல் கோபேயில் இந்த நோய் உள்ள இருவருக்கு ஐ.பி.எஸ். செல்லிலிருந்து வளர்த்த விழித்திரைத் தாள் வைத்தார்கள், இரண்டு வருடம் நிலையாக நின்றதாக 2023-ல் எழுதினார்கள். மாமாவிடம் இதைத்தான் சொன்னேன்: இடம் பிடித்து நிற்கிறது, இனி அது மூளையோடு பேச வேண்டும்.

புற்றுக்கட்டி வராதா?

மாறாமல் மிச்சம் இருக்கும் ஸ்டெம் செல் ஒன்றிரண்டு கலந்துவிட்டால் கட்டி வரலாம், அதனால் ஒவ்வொரு தொகுதியையும் அதற்கென்று சோதிப்பார்கள். மேலே சொன்ன மனித ஆய்வுகளில் கட்டி வந்ததாக வெளியாகவில்லை. கோபேயில் இரண்டாவது நோயாளிக்கான செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததால் 2015-ல் அந்த அறுவையையே நிறுத்தினார்கள். அதைச் சிலர் தோல்வி என்றார்கள், எனக்கு அது சரியான வேலை.

இந்தியாவில் நடக்கிறதா? பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்கிறார்களே?

பெங்களூரில் ஐஸ்டெம் என்ற நிறுவனம் ஐ.பி.எஸ். செல்லிலிருந்து வந்த நிறமிச் செல்களை, வறண்ட மாகுலா சிதைவு முற்றியவர்களுக்கு முறையான அனுமதியோடு ஆரம்பக் கட்ட ஆய்வில் கொடுத்துப் பார்க்கிறது. இது சிகிச்சையாகக் கடையில் கிடைக்கும் நிலை இல்லை. 2017-ல் வந்த தேசிய வழிகாட்டுதல்படி, அங்கீகரித்த ஆய்வுக்கு வெளியே கண்ணுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை கூடாது, ஆய்வில் சேர்பவரிடம் அதற்குப் பணமும் வாங்கக் கூடாது.

அதே 2017-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்ததைப் படியுங்கள். ஃபுளோரிடாவில் 72 முதல் 88 வயதுக்குள்ளான மூன்று பெண்கள், ஆளுக்கு 5,000 டாலர் கட்டி, தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் இருந்த பார்வையில் பெரும்பகுதி போனது. அதற்கு முன் அவர்கள் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். யாராவது இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போடலாம் என்றால், பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போதைக்கு நோயாளி செய்யக் கூடியது ஏதாவது இருக்கிறதா?

மரபு வழி நோய் என்றால் மரபணுப் பரிசோதனை செய்து, எந்த மரபணு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பல ஆய்வுகளில் சேர அதைத்தான் முதலில் கேட்பார்கள். பழைய ஓசிடி ஸ்கேன்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒளி உணரும் அடுக்கு எந்த வருடம் எவ்வளவு இருந்தது என்பது அதில்தான் இருக்கிறது. மாமாவின் ஸ்கேன்கள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில், வருட வாரியாக, பீரோவின் மேல் தட்டில் இருக்கின்றன. அத்தை மட்டும்தான் அதைத் தொடலாம்.